தனி அறையில் ஒரு மாத்திரை

தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தபின், "அடுத்து கதிரியக்க அயோடின்" என்று டாக்டர் சொன்னதுமே பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. முடி கொட்டுமா? பிள்ளையைத் தூக்கலாமா? நள்ளிரவில் கைப்பேசியில் தேடத் தேடப் பயம்தான் வளர்கிறது.

1941-லிருந்து மருத்துவத்தில் இருக்கும் சிகிச்சை இது. உடலில் அயோடினை அதிகம் இழுத்துக்கொள்வது தைராய்டு செல்கள்தான். மருந்தின் வேலையும் பெரும்பாலும் அங்கேதான். மிச்சத்தில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே சிறுநீரில் போய்விடும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது அதனால்தான். கீமோதெரபியைப் போல முடி கொட்டுவது இதில் வழக்கமில்லை.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கொஞ்சம் அயோடினை வாங்கிக்கொள்ளும். அதனால் தாடையோரம் வீங்கலாம், வாய் உலரலாம், மிளகு ரசம்கூடச் சில நாள் ருசிக்காமல் போகலாம். பலருக்கு இது சரியாகிவிடும். சிலருக்கு வாய் வறட்சி நீடிக்கும். அதை மறைத்துவிட்டுச் சொல்லும் ஆறுதல் நோயாளிக்கு உதவாது.

எல்லாவற்றையும்விடக் கடினம், உடலிலிருந்து வரும் கதிர்வீச்சு மற்றவர்கள் மேல் படாதிருக்கத் தனி அறையில் இருக்கும் தனிமைதான். கதவுக்கு வெளியே நின்று குழந்தை "அம்மா" என்று கூப்பிடும். உள்ளே இருப்பவர் கையசைக்க மட்டுமே முடியும். ஆனால் மருந்தில் உள்ள கதிரியக்க அயோடினான அயோடின்-131-இன் வீரியம் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். விலகியிருக்கும் நாட்களுக்கு முடிவு உண்டு.

கர்ப்பம், தாய்ப்பால் உட்பட மனதில் உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரையை விழுங்கும் முன்பே அணு மருத்துவ டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களே, அந்த நாட்களில் தினமும் அவரோடு போனில் பேசுங்கள்.