இரைச்சலோடு இருக்கப் பழகுதல்

ஏப்ரல் 15 வந்தால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காலமெல்லாம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "எஞ்சின் ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது தம்பி. கரையில சும்மா உக்காந்தாத்தான் காதுக்குள்ள வண்டு கத்துது."

காதிரைச்சல் என்ற இந்த நோய்க்கு அமைதி மருந்தல்ல என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் எந்தக் குறையும் இல்லாத 80 பேரை ஓசை புகாத அறையில் உட்கார வைத்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேருக்குச் சற்று நேரத்தில் ஏதோ ஒரு சத்தம் கேட்டது. ரீங்காரம், இரைச்சல், விசில் என்று ஆளுக்கொன்று. ஆக, உள்ளே ஓசை இருப்பது பெரிய அதிசயமில்லை. அது நம்மை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் துன்பம்.

*

எனக்குக் கேட்பது மெல்லிய விசில். அதோடு சேர்ந்து வந்தது இன்னொன்று: வெளிச்சத்தம் தாங்காமை. எவர்சில்வர் தட்டை அடுக்கினால் பல் கூசும். குக்கர் விசிலுக்கு நெஞ்சு படபடக்கும்.

உட்செவியில் ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள் இருக்கின்றன. பழுதானால் அவை மறுபடி முளைப்பதில்லை. அங்கிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை சும்மா இருப்பதில்லை. நிலையம் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகுவதுபோலத் தன் பக்கத்தில் கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூட்டியதில் இல்லாத ஓசை கேட்கிறது, இருக்கும் ஓசை அறைகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலர் இன்று ஏற்கும் விளக்கம். எனக்கு இது ஆறுதலாக இருந்தது. காது என்னைப் பழிவாங்கவில்லை. குறைந்துபோனதை ஈடுகட்டப் பார்க்கிறது.

*

சத்தம் தாங்காதவருக்கு முதலில் தோன்றுவது பஞ்சு. அது இயல்பு. ஆனால் 2003-இல் அமெரிக்காவில் கிரெய்க் ஃபார்ம்பியும் உடனிருந்தவர்களும் செய்த சோதனையை நினைத்துக்கொள்கிறேன். நல்ல காதுள்ளவர்களில் சிலர் இரண்டு வாரம் காதடைப்பான் போட்டுக்கொண்டார்கள். சிலர் காதருகே மெல்லிய இரைச்சலைக் கேட்டபடி இருந்தார்கள். அடைத்துக்கொண்டவர்களுக்குச் சத்தம் முன்னைவிட உறைத்தது. இரைச்சலோடு இருந்தவர்களுக்குத் தாங்கும் அளவு கூடியது. அப்படியானால் மூளையிலுள்ள அந்த வால்யூம் குமிழை வெளியிலிருந்தே மெதுவாகத் திருப்ப முடியும். இதை நம்பித்தான் என் நாட்கள் நகர்கின்றன.

*

இரவில் பழைய டிரான்சிஸ்டர். காரைக்கால் பண்பலை 100.3-இல் இருக்கிறது. முள்ளை அங்கிருந்து ஒரு மயிரிழை தள்ளினால் பாட்டு போய், ஒரே சீரான 'சர்ர்' வரும். சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். உள்ளிருக்கும் விசிலும் இந்த இரைச்சலும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டு. அதற்குச் சற்றுக் கீழேயே நிறுத்திவிட வேண்டும்.

விசிலை முழுக்க மூழ்கடிக்கக் கூடாது. 1990-இல் பாவெல் யாஸ்ட்ரெபாஃப் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த பயிற்சிமுறையின் உயிர்நாடி இதுதான். கேட்காத ஒன்றுக்கு மனம் பழக முடியாது. கேட்க வேண்டும், கேட்டும் பயப்படாமல் இருக்க வேண்டும். மின்விசிறியும் இதற்கு உதவும். மழைக்காலமென்றால் ஓட்டில் விழும் மழையே போதும்.

*

தட்டு. வேறொருவர் அடுக்கும்போது வரும் சத்தம் திடீரென்று அறைகிறது. நானே அடுக்கும்போது அதே சத்தம் பாதி வலியோடு போகிறது. எப்போது வரும் என்று கை முன்கூட்டியே அறிந்திருப்பதால் இருக்கலாம். ஆகவே வீட்டில் பாத்திரம் அடுக்குவது என் வேலை. முதலில் மேடையில் தடித்த துண்டை விரித்து அடுக்கினேன். பிறகு மெல்லிய துணி. இப்போது வெறும் கடப்பைக்கல். தோள் இறுகினால் நிறுத்திவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் பயிற்சி எதுவும் இல்லை. அது பயத்தைத்தான் வளர்க்கும்.

தூக்கம் கெட்ட நாளிலும் சளி பிடித்த நாளிலும் துணியை மறுபடி விரிப்பேன். அதில் வருத்தமில்லை.

*

சாலை கடினம். தரங்கம்பாடியிலிருந்து நண்டலாற்றைத் தாண்டி வரும் பஸ்கள் பூவம் ஊருக்குள் நுழையும்போதே ஹாரனை அமுக்குகின்றன. அவை எப்போது அமுக்கும் என்பது என் கையில் இல்லை. அதனால் டீக்கடையை ஒட்டி நிற்காமல் தள்ளி மரத்தடியில் நின்று டீ குடிக்கிறேன். அங்கே நிற்பது சாதாரணமாகிவிட்டால் சில அடி முன்னே நகர்வேன்.

பிறகு கடற்கரை. அலையோசையில் தடித்ததும் மெல்லியதுமாய் எல்லாச் சுருதியும் கலந்திருக்கிறது, திடீர்த் திருப்பம் கிடையாது. கலங்கிய காதுக்கு அதைவிட இதமான ஓசை எனக்குத் தெரிந்து இல்லை.

*

எல்லாச் சத்தத்துக்கும் பழகிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கல்யாண வீட்டில் தவிலுக்குப் பின்வரிசையில் உட்காரலாம், இடையிடையே வெளியே வரலாம். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னாலும் வெடி வெடிக்கும் இடத்திலும் காதடைப்பான்தான் சரி.

"பழகிக்கோங்க" என்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நாட்டில் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலத்தில் சில நாளுக்கு மட்டும் நள்ளிரவுவரை அரசு தளர்த்தலாம். நோயாளி ஒரு படி ஏறினால் ஊரும் ஒரு படி இறங்க வேண்டாமா?

*

இதையெல்லாம் தொடங்குமுன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது அவசியம். சில சமயம் காதுக்குறும்பி மட்டுமே காரணமாக இருக்கும். சில மருந்துகளாலும் வரும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலும், ஒரே காதில் நிலைத்திருந்தாலும், தலைசுற்றல் கூட வந்தாலும் தானாகப் போகும் என்று விட்டுவிடக் கூடாது. விசிலை நிறுத்தும் மாத்திரை இதுவரை இல்லை. ஆனால் விசிலால் வரும் பதற்றத்தைக் குறைப்பதில் அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்று இருக்கிறது. மனநலச் சிகிச்சை என்றதும் ஒதுங்குபவர்களிடம் நான் வற்புறுத்தியே சொல்கிறேன்: போங்கள்.

*

இந்த வாரம் குக்கர். முதல் விசிலுக்குக் கொல்லையில் நிற்கலாம், அடுத்ததற்கு நடையில். கடைசி விசிலுக்கு அடுப்படிக்குள் போய், அடுப்பை நானே அணைக்க வேண்டும்.