அசலின் எண்

பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைச் செப்பனிடுகிறவன் முதலில் தேடுவது எண்ணை. போல்ட்டின் மீதும் உடல்பகுதியிலும் ஒரே எண் இருந்தால் அவனுக்கு அது அசல். இஷாப்பூர் தொழிற்சாலை, முன்கட்டை பிளக்காமலிருக்கக் குறுக்கே ஒரு திருகாணி முடுக்கியது. அதைப் பிற்சேர்க்கையென்று ஒதுக்கிக் கட்டையையே மாற்றினால், துப்பாக்கி இங்கே கழித்த ஆண்டுகளும் கூடவே போகின்றன. எந்தக் கணத்துக்கு மீட்கிறோம்? தொழிற்சாலையை விட்டு வெளிவந்த, இன்னும் எவரையும் சுடாத கணத்துக்கு. அசல் என்ற சொல்லில் ஒரு பாவமன்னிப்பு கலந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஜவ்வாது மலையில் போலீஸார் கைப்பற்றும் நாட்டுத் துப்பாக்கி வேறு ஜாதி. குழல் வாய்வழியாக மருந்து கெட்டித்துச் சுடுவது. குழல் ஒருவர் கைவேலை, கட்டை இன்னொருவருடையது. தேய்ந்ததை மாற்றிக்கொள்ளலாம், எது முதல் உறுப்பென்று கேட்பாரில்லை. தொழிற்சாலை எண் ஏது? ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, எண்ணோ வேறு அடையாளமோ இல்லாத துப்பாக்கி ஒருவனிடம் இருந்தால், அவனே அதை அழித்தான் என்று அனுமானிக்கிறது, அவன் மறுத்து நிரூபிக்கும் வரை. இருந்திராத ஒன்றை அழித்த குற்றம்! கட்டையில் பதிந்த கைத்தழும்பை அகற்றுகிறவனை எந்த அனுமானமும் தொடுவதில்லை. அவன் எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறான்.

இதே மலையடிவாரத்தில், செங்கம் வட்டாரத்து நடுகற்களில், வீரன் ஆயுதத்தோடு நிற்கிறான். கல்லில் வெட்டியிருப்பது ஆளின் பெயர்.