நம் நாயும் பிறர் அச்சமும்

"ஒன்றும் செய்யாது, பயப்படாதே" என்னும் சொற்களை நாய் வளர்க்கும் இல்லத்தார் ஒரு நாளேனும் சொல்லாதிருந்திரார். நாமும் சொன்னோம். ஓராண்டுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், மாநகராட்சித் திடலின் வாயிலில் பூ விற்கும் அம்மையாரின் ஏழு வயதுப் பெண் குழந்தையை நோக்கிப் புன்முறுவலுடன் சொன்னோம். நம் கையில் வார் தளர்ந்திருந்தது. நம் நாய் வாலை ஆட்டிக்கொண்டே அக்குழந்தையின் மேல் தாவியது. கடிக்கவில்லை, கீறவுமில்லை. குழந்தை கூடையோடு சரிந்தாள். தொடுத்து வைத்த மல்லிகை மண்ணில் சிதறியது. தாய் சினந்து பேசவில்லை. "டீச்சரம்மா, அதுக்கு உங்களைத் தெரியும். எங்க பிள்ளையைத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பூவுக்குரிய பணத்தைக் கொடுத்தோம். அவ்வினாவுக்கு விடை கொடுக்க இயலாமல் வீடு திரும்பினோம்.

குருதி சிந்தவில்லை, ஆதலின் இம்சையும் நிகழவில்லை என்று நம் மனம் முதலில் வாதாடியது. ஆயின் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையின் இலக்கணத்தைக் கூறுமிடத்துப் பிரமாதம் என்னும் சோர்வையே அடிப்படையாக வைத்தார். தாவுதல் நாயின் இயல்பு, அதன்மேல் குற்றமில்லை. வாரைத் தளரவிட்டது நம் சோர்வு. மேலும், ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்று சிறுவயது முதல் ஓதி வந்திருக்கிறோம். தெருவில் கிடந்த குட்டிக்கு வீட்டில் இடங்கொடுத்து அபயதானம் செய்தோம் என்று மகிழ்ந்த நாம், அம்மாலையில் ஒரு குழந்தையிடமிருந்து அதே அபயத்தைப் பறித்தோம். ஓர் உயிருக்கு ஈந்த கொடையின் செலவை மற்றோர் உயிரின் கணக்கில் எழுதுதல் தகுமா?

"சமணர் வீட்டில் நாய் எதற்கு?" என்று உறவினர் கேட்பதுண்டு. கேள்வியில் பொருளில்லாமல் இல்லை. பூனை முதலிய ஊனுண்ணும் பிராணிகளை வளர்த்தலைப் பயனில் தண்டத்துள் சேர்த்து எண்ணிய ஆசாரியரும் நம் மரபில் உளர். எலியைப் பிடிப்பதற்கென்றும், அயலாரை வெருட்டுவதற்கென்றும் வளர்ப்பின் அது பிறவுயிர்த் துன்பத்திற்குக் கருவி சேர்ப்பதேயாம். மறுபக்கம், சீவகசிந்தாமணியை அறிந்தோர் சுதஞ்சணனை மறவார். அடியுண்டு உயிர்விடும் நிலையில் கிடந்த நாயின் செவியில் சீவகன் பஞ்சநமஸ்கார மந்திரத்தை ஓத, அது தேவனாகப் பிறந்து பிற்காலத்தில் அவனுக்குத் துணைநின்றது. நாய் மனமுடைய ஐம்பொறி உயிர். அறவுரையைக் கொள்ளும் தகுதி அதற்கு உண்டென்பது நம் கொள்கை. ஆகவே வளர்ப்பதா வேண்டாவா என்பதைவிட, எந்நோக்கத்துடன், யாருக்குத் துன்பமின்றி வளர்க்கிறோம் என்பதே நம்மை வருத்திய வினா.

அமெரிக்காவில் வாழும் நம்மவர் சிலர் அங்குள்ள நாய்ப் பூங்காக்களைப் பற்றிக் கூறுவர். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979-இல் தோன்றிய பூங்காவை அவ்வகையில் முன்னோடி என்பர். சுற்றிலும் வேலி, நாய் நழுவி ஓடாதபடி ஒன்றன்பின் ஒன்றாக இரு கதவுகள், நாயை விரும்பி வருவோர் மட்டுமே உள்ளே இருப்பர். ஐதராபாத்திலும் கொண்டாப்பூர் பகுதியில் 2018-இல் ஒன்று திறக்கப்பட்டது. நம் திடலிலோ வேலியும் இல்லை, இரட்டைக் கதவும் இல்லை. பந்தாடும் சிறுவர், முழங்கால் வலியோடு நடக்கும் முதியோர், பூக்காரர், நாய்க்காரர் அனைவருக்கும் ஒரே மண். அங்கே வேலி போடவேண்டியவர் வாரைப் பிடித்திருப்பவரே.

அந்நாளுக்குப்பின் நடக்கும் முறையை மாற்றிக்கொண்டோம். முனிவர்க்குரிய சமிதிகளை நாய்க்காரருக்கு ஏற்றிச் சொல்வதைக் கண்டு அறிஞர் நகைக்கலாம். எனினும் எதிரே நிலத்தை நோக்கி நடக்கும் ஈரியா சமிதியின் நிழல் இங்கும் வேண்டும். ஒரு கையில் வாரும் மறுகையில் கைப்பேசியுமாகச் செல்வோர் எதிரே வருபவரைக் காண்பதில்லை. கழிவை எங்கு விடுவது என்று ஆராயும் உற்சர்க்க சமிதியும் அவ்வாறே. பிறர் வாசலில் போட்ட கோலத்தின்மேல் நம் நாய் காலைத் தூக்கினால் அவ்வீட்டம்மை மறுநாளும் குனிந்து கழுவவேண்டும். மலத்தை எடுக்கப் பழைய செய்தித்தாளைக் கொண்டு செல்கிறோம். தொடக்கத்தில் கூச்சமாயிருந்தது; எழுபது வயதுக்குமேல் இது தேவையா என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

மற்றொரு நாய் எதிர்ப்படின் நேருக்கு நேர் செல்லாமல் சற்று வளைந்து விலகிச் செல்லல் நன்று. நேர்ப்பார்வையை நாய்கள் அறைகூவலாகக் கொள்ளும். அச்சத்தால் நாம் வாரை இறுக்கினால் நம் அச்சம் நாய்க்கும் தொற்றும். வால் ஆடுவதெல்லாம் நட்பு அன்று. உயர்த்திய வால் விறைப்பாக ஆடின் அது கிளர்ச்சியின் அடையாளமாகவும் இருக்கலாம். எனவே பத்தடி தொலைவிலேயே நின்று, "அருகில் வரலாமா?" என்று மற்றவரைக் கேட்டுவிடுவோம். வெறிநோய்த் தடுப்பூசியைக் காலந்தவறாமல் போடுவதையும் சொல்லத் தேவையில்லை. அந்நோயின் அறிகுறி தோன்றியபின் மீட்பு ஏறத்தாழ இல்லை.

இனிச் சொல்லவிருப்பதே நமக்குக் கடினமானது. திடலுக்கு நடுத்தர வயதினர் ஒருவர் பெரிய டாபர்மன் நாயுடன் வருவார். வார் கையிலிருக்கும், நாயின் கழுத்தில் இராது. ஒருநாள் அது பாய்ந்தோடி வந்து நம் நாயைக் கீழே தள்ளியது. உடனே நமக்குள் இருந்த ஆசிரியை விழித்தெழுந்தாள். நடப்போர் பலர் சூழ நிற்க, குழந்தைகளின் பாதுகாப்பு, பொது இடத்தின் ஒழுங்கு, சட்டம் என்று கால்மணி நேரம் அவருக்குப் பாடம் எடுத்தோம். சொன்னவற்றுள் பொய் ஒன்றுமில்லை. அவர் தலைகுனிந்து சென்றார். மறுநாள் முதல் வரவில்லை. திடல் நமக்கு நன்றி கூறியது. நாமும் அந்நன்றியை ஏற்றுக்கொண்டோம்.

பத்து நாள் கழிந்து அவர் தெரு வழியே சென்றபோது ஓயாத முனகல் ஒன்று கேட்டது. வெளிக்கதவின் இரும்புத்தூணில், இரண்டு முழச் சங்கிலியில் அந்த நாய் கட்டுண்டு நின்றது. கழுத்தைச் சுற்றி உரோமம் உதிர்ந்திருந்தது. கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உண்டிநீர் தடுத்தல் என்னும் ஐந்தை ஆசிரியப் பணியில் இருந்தபோது ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு ஒப்பித்திருக்கிறோம். விற்றவர் அழகுக்காக வாலை அறுத்துவிட்ட அந்த உயிருக்கு, அவற்றுள் முதலாவது நம் நாவால் வந்தது. சட்டமும் அதை அறியும்: மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் தொடங்கிய முயற்சியின் பயனாக 1960-இல் நிறைவேறிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டிவைத்த நாய்க்குப் போதிய நடமாட்டம் தராமையைக் குற்றமாகவே கொள்கிறது. ஆயின் திடலில் சட்டத்தை எடுத்தோதிய நாம் இப்பகுதியை மட்டும் ஓதவில்லை.

வாய்மூடி இருந்திருக்கவேண்டுமோ? அதுவும் சரியன்று. கட்டவிழ்ந்த அந்நாய் ஒரு முதியவரை வீழ்த்தியிருந்தால் நம் மௌனமும் அதற்கு உடந்தையே. சொன்னது மெய், சொல்லிய இடமும் தொனியும் பிழை. வகுப்பின் முன் மாணவனை நாணச் செய்யாதே என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் காத்த அதனைத் திடலில் ஒரு மாலையில் இழந்தோம்.

இரு நாள் தயங்கிவிட்டு அவர் இல்லத்திற்குச் சென்றோம். பலர் முன் அவ்வாறு பேசியது நம் தவறு என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், "நீங்க சொன்னது சரிதான் டீச்சர். வாரைப் போட்டா அது என்னை இழுத்துத் தள்ளிடும். பிடிக்கத் தெரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு" என்றார். அவர் செருக்கால் செய்தார் என்றல்லவா நாம் முடிவு கட்டியிருந்தோம்! மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டையொன்றை நம் மகன் அவருக்கு வாங்கிக்கொடுத்தான். இழுத்தால் நின்றுவிடுவதும் தளர்த்தினால் நடப்பதுமாகச் சில வாரம் அவருடன் நடந்து பழக்கினான். இப்போது திடலில் ஆளில்லாத ஐந்து மணிக்கு அவர் வருகிறார். சங்கிலி இன்னும் தூணில்தான் இருக்கிறது; பகலில் சிலபோது கட்டுகிறார். அதைப் பற்றி ஒருநாள் மெல்லப் பேசவேண்டும், இன்னும் பேசவில்லை.

பூக்கார அம்மையாரிடம் நாள்தோறும் ஒரு முழம் வாங்குகிறோம். அவர் முகம் மலர்ந்து பேசுகிறார். குழந்தை மட்டும் நம் நாயைக் கண்டதும் தாயின் பின்னே ஒதுங்கிவிடுகிறாள். வாரைச் சுருக்கிப் பிடித்துச் சாலையின் மறுபுறமாகவே சென்று, நாயை மகனிடம் கொடுத்தபின் திரும்பிவந்து பூ வாங்கிக்கொள்கிறோம்.