சார்ந்ததன் வண்ணமாதலும் மக்களை வளர்த்தலும்

உயிரின் இயல்பை ஆராய்ந்த நம் சித்தாந்த ஆசிரியர்கள், அது சார்ந்ததன் வண்ணமாகும் தன்மையுடையது என்று துணிந்தனர். பளிங்கு தெளிவொன்றையே தன் இயல்பாக உடையது. செம்மலரின் அருகே வைத்தால் செந்நிறமும், நீலமலரின் அருகே வைத்தால் நீலநிறமும் அதன்கண் தோன்றும். அதுபோல, உயிரும் மலத்தைச் சார்ந்துழி மலமேயாய்த் தோன்றும்; சிவத்தைச் சார்ந்துழிச் சிவமேயாய் விளங்கும். இவ்வுண்மையை நாம் பெரும்பாலும் முத்திநிலை பற்றிய ஆராய்ச்சிக்கே உரியதாக வைத்துப் பயில்கின்றோம். அது நம் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் நாள்தோறும் நிகழ்வது என்பதை நினைப்பதில்லை. பிறப்பாலும் சமயத்தாலும் ஒழுகலாற்றாலும் வேறாயினாரை நம் மக்கள் எங்ஙனம் நோக்கப் பழகுகின்றனர் என்னும் வினாவை இக்கொள்கையின் ஒளியில் வைத்து ஆராய்தலே ஈண்டு எமது கருத்து.

இவ்வினா வெறும் வாதத்திற்கென எழுந்ததன்று. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பிற் பயின்ற ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை அவனொடு பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களை ஒருநபர் குழுவாக அமர்த்தியது. அவரது அறிக்கை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அளிக்கப்பட்டது. சாதியை அறிவிக்கும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையிற் கட்டிக்கொள்ளலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

வண்ணம் என்னும் அச்சொல்லைக் கண்டவுடன் சித்தாந்தம் பயின்றார்க்குப் பளிங்கு நினைவிற்கு வாராதிராது. இன்ன சாதிக்கு இன்ன நிறம் என்று பகுத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் சிறுவன் அந்நிறத்தைக் கருவிலிருந்து கொண்டுவந்தானல்லன். பிறர் அதனை அவன்பாற் சார்த்தினர். கயிற்றைக் கட்டிய கை தெருவினுடையதாயிருக்கலாம். ஆயின் அக்கயிற்றை ஏற்குமாறு அவனைப் பண்படுத்தியது பெரும்பாலும் வீடேயாகும். வீட்டார் அதற்கென ஒரு பாடமும் சொல்லவேண்டுவதில்லை. வேலைக்கு வருவார்க்கென்று புறக்கடையிற் கவிழ்த்து வைக்கப்பட்ட ஒரு குவளை போதும். உடன் பயிலும் தோழன் பெயரைச் சொன்னவுடன், "அவர்கள் எந்தப் பக்கத்தார்?" என்று தாய் கேட்கும் குரலின் மாற்றமே போதும். எல்லா உயிரும் இறைவன் அடிமை என்று தந்தை மாலையிற் சொல்லும் உரையைக் காட்டிலும், காலையிற் கண்ட அக்குவளையே குழந்தைக்கு நூலாகி நிற்கும்.

ஈண்டு ஒரு தடை எழும். "குழந்தை தூய பளிங்கேயாயின், தீய சார்பை நீக்கிவிட்டாற் போதாதோ? சாதியைப் பற்றியும் சமய வேறுபாட்டைப் பற்றியும் ஒன்றுமே பேசாது வளர்த்தால் அது தானே நல்வழி நிற்குமன்றோ?" என்பர் ஒரு சாரார். கற்றாரும் நல்லெண்ணமுடையாரும் பலர் இவ்வாறே கருதி ஒழுகுகின்றனர். இது பொருந்தாமைக்குச் சித்தாந்தம் இரண்டு காரணங்காட்டும். உயிர் ஒரு சார்புமின்றித் தனித்து நிற்குமாறில்லை என்பது முதலாவது. ஒன்றை விடுமிடத்து மற்றொன்றைப் பற்றியே அது விடும். வீடு வாளாவிருப்பின், தெருவும் திரைப்படமும் கைப்பேசியும் வாளாவிரா. பெற்றோர் வெறுமையென்று கருதி விட்ட இடத்தைப் பிறர் நிரப்புவர்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. செம்பிற் களிம்பு போல ஆணவம் உயிரை அநாதியே பற்றி நிற்பது, பின்னர் வந்தடைந்ததன்று. ஆகலின் குழந்தையின் உள்ளத்தும் 'யான் பெரியன்' என்னும் வித்து உண்டு. பிறப்பின் பெருமை அவ்வித்திற்கு வார்க்கும் நீராகும். யாதொரு முயற்சியும் இன்றித் தன்னைப் பிறரினும் உயர்ந்தோனாக எண்ணிக்கொள்ளுதற்குச் சாதியைப்போல் எளிய வழி பிறிதில்லை. ஆதலால் தீச்சார்பை நீக்குதல் மட்டும் அமையாது. நற்சார்பை வலிந்து ஊட்டுதலும் வேண்டும். வேறாயினாரோடு உடனுண்ணலும், அவர் இல்லம் சேறலும், அவர் துயரில் உதவுதலும் குழந்தைக்குப் பழக்கமாதல் வேண்டும். பேசாமை இதனைத் தாராது.

சட்டம் தன்னாலியன்றதைச் செய்தே வந்துள்ளது. 1947-இல் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் கோயிற் கதவைத் திறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. பள்ளிகளில் நண்பகலுணவு சமைப்போரை அமர்த்துங்கால் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு முன்னுரிமை தருக என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஆணையிட்டது. அங்ஙனமிருந்தும் 2018-இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அவ்வகுப்பைச் சார்ந்த பெண்ணொருவர் பள்ளிச் சத்துணவைச் சமைத்தலைப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அதிகாரிகள் முதலில் அவரை வேறிடத்திற்கு மாற்றினர். கண்டனம் எழுந்தபின் அம்மாற்றத்தை நீக்கினர். பசித்த குழந்தைக்குச் சோறு சோறே. அதனைச் சமைத்த கை யாருடையது என்று வினவக் கற்பித்தவர் மூத்தோர். சட்டம் உலைக்களம் வரை வரும். உண்ணும் வாய் வரை வருதல் பெற்றோர் கையிலேயே உளது.

இனி, நம் அடியார் வரலாற்றுள் ஓரில்லத்தை நோக்குவோம். சாத்தமங்கைத் திருநீலநக்க நாயனார் வேதியர், ஆசாரத்திற் கடுமையுடையார். சிவலிங்கத் திருமேனியில் விழுந்த சிலம்பியை அவர் மனைவியார் பதைத்து வாயால் ஊதித் துமிந்து நீக்கினார். அஃது அநுசிதம் என்று அவ்வம்மையாரையே துறந்தார் நாயனார். அன்றிரவு இறைவன் கனவிற் றோன்றி, அம்மையார் ஊதித் துமிந்த இடமொழிய ஏனையிடமெல்லாம் சிலம்பியின் கொப்புளமாயிருத்தலைக் காட்டியருளினான். அன்பின் முன் ஆசாரம் எத்துணையது என்பதை அந்நாயனார் அன்று கற்றார். பின்னர்த் திருஞானசம்பந்தர், திருநீலகண்ட யாழ்ப்பாணரோடும் அவர் மனைவியாரோடும் அவ்வூர்க்கு எழுந்தருளினார். பாணர் தங்க இடம் தருக என்று பிள்ளையார் பணிப்ப, நீலநக்கர் தம் மனையின் நடுவே வேதிகையின் பாங்கர் இடம் அளித்தார். அவ்வேதியில் அறாத செந்தீ வலஞ்சுழித்து எழுந்து ஒளிர்ந்தது என்பது பெரியபுராணம் கூறும் செய்தி.

பாணர்க்குத் திண்ணையிற் பாய் விரித்திருந்தாலும் அக்காலத்தார் குறைகூறார். ஆயினும் நீலநக்கர் இல்லத்தின் உள்ளிடத்தையே அளித்தார். அவ்வில்லத்திற் குழந்தை ஒன்று அவ்விரவு விழித்திருந்து, வேள்வித்தீயின் அருகே பாணரும் பாடினியாரும் துயில்வதைக் கண்டிருக்குமாயின், பின்னர் அதற்கு உயிர்களின் ஒருமைப்பாட்டைப் பற்றி எவரும் விரிவுரை ஆற்றவேண்டுவதின்று. தன் தந்தை தவறினார், திருந்தினார், கதவைத் திறந்தார் என்னும் மூன்றையும் அது கண்டறியும். பெற்றோர் குற்றமற்றவராதல் வேண்டும் என்பதன்று எமது கூற்று. தம் குற்றத்தை உணர்ந்து மாறுதலைத் தம் மக்கள் காணுமாறு வாழ்தல் வேண்டும் என்பதே.

"பிற சமயத்தாரோடு இங்ஙனம் பழகவிடின் நம் மக்கள் நம் சமயத்தை விட்டு நீங்கிவிடுவரே" என்னும் அச்சம் அன்பர் பலர்க்கு உண்டு. அவ்வச்சம் நகைத்தற்குரியதன்று; தான் பெற்ற அரும்பொருளை மகனுக்குத் தர விழைதல் இயற்கையே. ஆயின், பிறரை இகழ்தலாற் காக்கப்படும் பற்று, இகழ்தற்குப் பிறர் இல்லாதவிடத்து வீழ்ந்துபடும். சிவஞானசித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பிற மதங்களின் கொள்கையை முதலில் அவரவர் கூற்றாகவே நிறுவி, அதன்பின்னரே மறுத்தார். மறுத்தற்கும் முன்னர் அறிதல் வேண்டும். அறிதற்கும் முன்னர்ச் செவிகொடுத்தல் வேண்டும். அவரே சுபக்கத்தில், யார் எத்தெய்வத்தை வணங்கினும் அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் சிவபெருமானே என்று தெளிவித்தார். நம் பெரியோர் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் படிமுறை வைத்தது பிறரை மிதித்தற்கன்று. மேற்படியில் நிற்போன் கீழ்ப்படியை இடித்தால் வீழ்வோன் அவனே. மேலும் அப்படியில் நிற்றல் தன் முயற்சியால் வந்ததன்று, திருவருளால் வந்தது என்று உணராதான் எப்படியிலும் நிற்பவனல்லன். புத்தர் கோலம் நீங்காதே சிவனை வழிபட்ட சாக்கிய நாயனாரையும் அறுபத்துமூவருள் ஒருவராக வைத்துத் தொழும் நாம், அண்டை வீட்டுச் சிறுவன் தொழுகைக்கோ தேவாலயத்திற்கோ செல்லுதல் கண்டு நம் மகன் முகஞ்சுளிக்க விடலாமோ?

இறுதியாக ஒன்று. மேற்கூறிய அறிக்கை கயிற்றோடு நெற்றிக்குறியையும் சேர்த்துக் கூறியது கண்டு சைவர் பலர் வருந்தினர். வருத்தம் முறையே. ஆயினும் அவ்வருத்தத்தின் ஒரு பகுதியை நாம் நம்மேலும் திருப்புதல் வேண்டும். எல்லா நிறமும் வெந்தபின் எஞ்சும் வெண்மையே திருநீறு. அரசனும் ஆண்டியும் இறுதியில் ஒரே சாம்பராதலை நாள்தோறும் நினைவூட்டுதற்கு அணிவது அது. அதனையும் ஒரு கூட்டத்தாரின் நிறமாகப் பிறர் மயங்குமாறு வாழ்ந்தவர் யாவர்? குழந்தையின் நெற்றியில் நீறிடும் தாய், அதன் கையிற் கட்டிய கயிற்றை அவிழ்த்தபின் இடுவாளாக. புறக்கடையிற் கவிழ்ந்த குவளையை எடுத்து ஏனைக் குவளைகளோடு வைத்தபின் இடுவாளாக. அன்று அந்நீற்றின் பொருளைக் குழந்தை கேளாமலே அறியும்.

திருச்சிற்றம்பலம்.