தீபம் வந்தும் தீராத வாதம்

அந்திப் பொழுதில் வழியில் கிடப்பதைக் கண்டு ஒருவன் பாம்பு என்கிறான். மற்றொருவன் பழுதை என்கிறான். தீபம் கொணர்ந்ததும் வாதம் முடிகிறது. தோற்றவனுக்கும் அதில் வருத்தமில்லை. அச்சம் நீங்கிய மகிழ்ச்சியே உண்டு. உலகில் மனிதர்க்குள் எழும் பேதங்கள் பெரும்பாலும் இவ்வகையின. ஆனால் தீபம் வந்த பின்னும் தீராதவை சில உண்டு. கற்றவர் கூடக்கூட, க்ரந்தங்கள் பெருகப்பெருக, அவை உறுதிப்படுகின்றனவேயன்றி ஒழிவதில்லை. அத்தகைய பேதம் எதனால் நிலைக்கிறது என்பதும், அதில் எதிரெதிரே நிற்பவர் ஒருவரையொருவர் எவ்வாறு கருதுவது தகும் என்பதும் ஆராயத்தக்கவை.

கௌதம மஹரிஷியின் ந்யாய ஸூத்ரம் விவாதத்தை மூன்றாக வகுக்கிறது. தத்துவத்தை அறிய விரும்புவோர் செய்வது வாதம். வெற்றியை விரும்புவோர் செய்வது ஜல்பம். தனக்கென ஒரு பக்ஷத்தை நிறுவாமல் பிறர் பக்ஷத்தைக் குலைப்பதையே தொழிலாகக் கொண்டது விதண்டை. முளைத்துவரும் பயிருக்கு முள்வேலி போல, பின்னிரண்டும் தத்துவத்தைக் காக்கப் பயன்படும் என்று அந்நூல் இடமளித்தது. வேலியையே பயிராக வளர்ப்பவர் எக்காலத்திலும் உளர் என்பது வேறு விஷயம்.

வாதம் நடைபெற இருவருக்கும் பொதுவான நிலம் வேண்டும். இருவரும் ஒப்பும் த்ருஷ்டாந்தம் வேண்டும். இருவரும் ஒப்பும் ப்ரமாணம் வேண்டும். சார்வாகன் ப்ரத்யக்ஷம் ஒன்றையே ஏற்கிறான். பௌத்தர் அனுமானத்தையும் சேர்த்து இரண்டு என்பர். விசிஷ்டாத்வைதிகள் சப்தத்தையும் கொண்டு மூன்று என்பர். நையாயிகர் நான்கு என்றும், பாட்ட மீமாம்ஸகர் ஆறு என்றும் எண்ணுவர். சார்வாகனிடம் வேத வாக்யத்தைக் காட்டினால் அவன் சிரிப்பான். அவன் மந்தன் என்பதன்று. எது ஸாக்ஷி என்பதிலேயே வழக்கு இருக்கும்போது, ஸாக்ஷியைக் கொண்டு வழக்கை எவ்வாறு முடிப்பது? வெறும் தர்க்கமும் இங்கு உதவாது. தர்க்கத்துக்குத் தனியே நிலைபேறு இல்லை என்று ப்ரஹ்ம ஸூத்ரம் இரண்டாம் அத்யாயம் முதற்பாதத்தில் கூறியது. இன்று வல்லவன் ஒருவன் நாட்டியதை நாளை அவனினும் வல்லவன் பெயர்ப்பான்.

ஆக, ப்ரமாணம் வேறுபட்டால் பேதம் நிலைப்பது வியப்பன்று. வியப்பு மற்றோரிடத்தில் உள்ளது. ஒரே வேதம், ஒரே திவ்யப்ரபந்தம், ஒரே ஸ்ரீபாஷ்யம், மூன்று என்று எண்ணப்பட்ட அதே ப்ரமாணங்கள், பகவத் ராமானுஜர் என்ற ஒரே ஆசார்யர் — இவ்வளவும் பொதுவாக இருந்தும், ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் வடகலை, தென்கலை என்ற பேதம் பல நூற்றாண்டுகளாக நிலைத்துள்ளது. பதினெட்டு பேதங்கள் என்று அவற்றைத் தொகுத்துக் கூறுவதும் வழக்கம். பதினெட்டும் ஒரே கனமுடையவை அல்ல. சில ஆசார மாத்ரமே. நடுநாயகமாக உள்ளது, எம்பெருமானின் க்ருபை சேதனனிடமிருந்து ஏதேனும் ஒன்றை எதிர்பார்க்கிறதா என்ற கேள்வி.

குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் இதற்கு உவமையாகச் சொல்வதை யாவரும் அறிவர். அவ்வுவமை பேதத்தை நினைவில் வைக்க உதவும். பேதத்தின் காரணத்தைக் காட்டாது. காரணத்தைக் காண வேண்டுமாயின், ஒவ்வொரு பக்ஷமும் எதற்கு அஞ்சுகிறது என்று நோக்க வேண்டும்.

பிள்ளை லோகாசார்யரின் ஸ்ரீவசன பூஷணத்தை அடியொற்றியவர் அஞ்சுவது சேதனனின் அஹங்காரத்துக்கு. செய்த சரணாகதியையே உபாயம் என்று எண்ணினால், அது மோக்ஷத்துக்குக் கொடுத்த விலை போலாகும். பரதந்த்ரமான ஆத்மாவின் ஸ்வரூபத்துக்கே இழுக்கு வரும். ஸ்வாமி தேசிகனின் ரஹஸ்யத்ரய ஸாரத்தை அடியொற்றியவர் அஞ்சுவது எம்பெருமானுக்கு வரக்கூடிய பழிக்கு. யாதொரு வ்யாஜமும் இன்றி ஒருவனை ரக்ஷித்து மற்றொருவனைக் கைவிட்டான் எனில், அவனுக்குப் பக்ஷபாதமும் இரக்கமின்மையும் வாராவோ? ஆகையால் பெயரளவிலேனும் ஒரு வ்யாஜம் வேண்டும் என்பர்.

இரு சாராரும் மற்றவரின் அச்சத்தை அறியாதவர் அல்லர். வ்யாஜம் விலையன்று, அதுவும் அவன் தந்ததே, ப்ரதான காரணம் அவனே என்று ஒரு சாரார் விளக்கம் தந்தனர். சேதனன் விலக்காமல் இருத்தலாகிய அப்ரதிஷேதம் வேண்டும், அதை உபாயம் என்று பேரிடலாகாது என்று மறுசாரார் கூறினர். ஒரு முழ தூரம் வரை நெருங்கி வந்துவிட்டனர். அந்த ஒரு முழம் குறையவில்லை. சரம ச்லோகம் இருவருக்கும் ஒன்றே. அதில் ‘ஏகம்’ என்ற சொல்லைப் பற்றி, சரணாகதியையும் உபாயமாக எண்ணலாகாது என்றார் ஒருவர். ‘வ்ரஜ’ என்ற சொல்லைப் பற்றி, சரணாகதி விதிக்கப்பட்டது என்றார் மற்றவர். எந்த அச்சம் பெரிது என்று நிறுக்கும் தராசு இருவருக்கும் பொதுவான ப்ரமாணங்களுள் இல்லை. பேதம் நிலைப்பதன் காரணம் அங்கே உள்ளது. அறிவின் குறைவிலோ, நெஞ்சின் கோட்டத்திலோ இல்லை.

இதைக் காணாதவர் இரண்டு வழிகளில் தவறுவர். இவ்வளவு தெளிவாகக் காட்டியும் ஏற்கவில்லையே, ஆகையால் எதிரி மூடன் அல்லது துஷ்டன் என்பது ஒன்று. எல்லாம் ஒன்றே, பேதமே இல்லை என்று முறுவலித்து ஒதுங்குவது மற்றொன்று. பின்னது பெருந்தன்மை போலத் தோன்றினும், உண்மையில் இருவரையும் அவமதிப்பதாகும்; அவர்கள் ஆயுள் முழுதும் சிந்தித்ததை வீண் என்று சொல்லாமற் சொல்வதாகும். பரமத பங்கம் இயற்றிய ஸ்வாமி தேசிகன் எல்லா மதமும் ஒன்றே என்பவர் அல்லர். அவரே ஸம்ப்ரதாய பரிசுத்தியில், எம்பெருமானார் தரிசனத்தைச் சேர்ந்த ஆசார்யர்களிடையே உள்ளது வாக்யங்களைப் பொருத்திக் கூறும் முறையில் பேதமேயன்றி அர்த்தத்தில் விரோதம் அன்று என்று காட்டியதும் நோக்கத்தக்கது.

அப்படியாயின் கலஹம் எங்கிருந்து வந்தது? கருத்து இரண்டாக இருக்கலாம். கோஷ்டியில் முதலில் எழும் குரல் ஒன்றாகத்தான் இருக்க இயலும். எந்தத் தனியனைத் தொடக்கத்தில் அனுஸந்திப்பது, தீர்த்தமும் சடாரியும் யாருக்கு முதலில் ஸாதிப்பது, எந்தத் திருமண் காப்பு சாற்றுவது — இவை செயல்கள். ஓரிடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றே நிகழும். அவற்றைப் பற்றியே வழக்குகள் எழுந்தன. காஞ்சி ஸ்ரீதேவராஜ ஸ்வாமி ஸந்நிதியில் அத்யாபக மிராசு பற்றிய வ்யவஹாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ஏறியது. அதன் கிளைகள் இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தன. நீதிபதிகள் வழக்கத்தையும் உரிமையையும் விசாரித்தனர். க்ருபை நிர்ஹேதுகமா ஸஹேதுகமா என்று எந்தத் தீர்ப்பும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. அதை அங்கே யாரும் கேட்கவுமில்லை. மரியாதைக்கு எழுந்த பூசல், ஸித்தாந்தத்தின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டது.

பதினெட்டில் தயை என்ற சொல்லும் ஒன்று. பிறர் துக்கம் கண்டு தானும் துக்கிப்பது தயை என்பர் தென்கலையார். பிறர் துக்கத்தைப் போக்க விழைவது தயை என்பர் வடகலையார். இவ்விரு பொருளில் எதைக் கொண்டாலும், கோஷ்டியில் ஒருவரையொருவர் தள்ளி வைதுகொண்டதற்கு அதில் இடமில்லை.

பதினான்காம் நூற்றாண்டில் தில்லிப் படையெடுப்பால் திருவரங்கம் சூறையாடப்பட்டபோது நிகழ்ந்ததைக் குருபரம்பரை கூறும். முதிர்ந்த வயதில் பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, மதுரைக்கு அருகிலுள்ள ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஸ்வாமி தேசிகன், ஸுதர்சன ஸூரி ஒப்படைத்த ச்ருதப்ரகாசிகை ஏட்டையும் அவருடைய இரு குமாரர்களையும் காத்து, பிணங்களின் நடுவே மறைந்திருந்து, பின் ஸத்யாகாலம் சேர்ந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 1371-ல், விஜயநகர அரசின் அதிகாரியான கோபணார்யரின் முயற்சியால் நம்பெருமாள் திருவரங்கம் திரும்பினார். ஒருவர் காத்த அர்ச்சாமூர்த்தியை இன்றும் இரு கலையாரும் ஸேவிக்கின்றனர். மற்றவர் காத்த ஏட்டைக் கொண்டே இரு கலையாரும் ஸ்ரீபாஷ்யத்துக்குப் பொருள் காண்கின்றனர்.