அடுக்களைப் புகை

அன்று ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முப்பது வருடமாகப் பேத்தியின் மனசில் கிடந்து உறுத்துவது இதுதான்.

பொங்கல் விடுமுறை. தாத்தா இறந்த வருடம் என்பதால் வீட்டில் பொங்கல் இல்லை. சென்னையில் பி.ஏ. தத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவள் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்கு வந்திருந்தாள். சோறு வடித்தாயிற்று. ஆச்சி எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கரி மிஞ்சினால் மறுநாளைக்கு ஆகும். "காலேசுல என்னத்தட்டி சொல்லித் தாராவ?" என்று கேட்டாள்.

அப்போதுதான் வகுப்பில் அனுமானம் நடத்தியிருந்தார்கள். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ உண்டு, அடுக்களையில் கண்டதுபோல. இந்தியத் தர்க்கம் படிக்கப் போகிறவர்களுக்கு முதலில் காதில் விழும் உதாரணம் இது. எதிரிலேயே அடுக்களை இருந்ததில் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையை நீட்டி நீட்டி விளக்கினாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னாள்: "தீ அவிஞ்ச பொறவுல்லாட்டி பொகை கூடும்."

பிறகு கண்ணைத் துடைத்தாள். அவ்வளவுதான்.

நியாய நூல்கள் இந்த ஆட்சேபத்தை அறிந்தே இருக்கின்றன. அடி அறாமல் தொடர்ந்து எழும் புகைதான் தீக்குச் சான்று. அணைந்த அடுப்பின் மேல் மிதக்கிற புகை கணக்கில் சேராது. இதை அவள் பின்னால் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆச்சி ஒரே பேச்சில் அந்த இடத்துக்குப் போய்விட்டாளே என்று பூரித்தாள். பூரிப்பு கொஞ்ச நாளில் வடிந்தது. முந்தானை மட்டும் நின்றுவிட்டது.

தத்துவத்தை அவள் தேடிப் போகவில்லை. கேட்ட பாடம் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் என்று முதல் வாரமே ஆசிரியர் தேற்றினார். உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த பழைய புத்தகங்கள் தத்துவப் புத்தகங்களாக இருந்ததால், வசதியில்லாத அந்த இளைஞர் அதையே படித்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மிஷனரிகள் இந்து சமயத்தைக் குறைகூறியது அவரைச் சுட்டது. 1908-இல் வேதாந்தத்தின் அறவியல் பற்றி ஆய்வேடு எழுதினார். அவருக்கு மோத ஆள் இருந்தது. இவளிடம் நம்பு என்றும் யாரும் சொல்லவில்லை, நம்பாதே என்றும் சொல்லவில்லை. உதயனர் ஈஸ்வரனை நிறுவினால் 10 மதிப்பெண், குமாரிலர் மறுத்தாலும் 10 மதிப்பெண்.

வீட்டில் அவள் கேட்டு வளர்ந்தது வேறு மாதிரி. தாத்தா விடியற்காலையில் சிவஞான சித்தியார் படிப்பார். அதன் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் உலகாயதன் கட்சியை முதலில் விரித்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கத் தொடங்குகிறார். நெற்றி நிறைய நீற்றோடு, பூசை அறையில் உட்கார்ந்து, கடவுள் இல்லை என்கிறவன் வழக்கையும் தாத்தா அதே ராகத்தில் பாடுவார். மறுப்புக்கும் குரல் மாறாது. எந்தப் பாட்டு எந்தக் கட்சி என்று சிறுமிக்குப் புரிந்ததில்லை. எல்லாமே சாமி பாட்டுதான். எந்த வகுப்பிலும் அவளுக்குக் கிடைக்காத பாடம் அது.

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. திருநீறு மட்டும் பூசிக்கொண்டிருந்தாள். ஆச்சி அன்று அதைத்தான் பார்த்தாளோ? புகை கூடுகிறது என்றது பேத்தியின் நெற்றியைப் பற்றியா? இப்படி யோசிப்பது அதிகப்பிரசங்கம் என்றும் படுகிறது. ஆச்சி அடுப்பைப் பற்றிச் சொன்னாள். அடுப்பைத்தான் சொல்லியிருப்பாள்.

மணிமேகலையின் 27-ஆம் காதையை அவள் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. வஞ்சி நகரில் மணிமேகலை சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகிறாள். கண்ணால் காண்பது மட்டுமே சான்று என்கிறான் பூதவாதி. அவனிடம் அவள் சிரித்துக்கொண்டே கேட்பது: உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? தேர்வுக்கு மனப்பாடம் செய்த காலத்தில் அது வெறும் மடக்குக் கேள்வி. இப்போது படித்தால் ஆச்சி ஞாபகம் வருகிறது. ஈர விறகுப் புகை யார் கண்ணையும் கரிக்கும். அதனால் அன்று பேத்தியும் புகைதான் காரணம் என்று முடிவு கட்டினாள். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவர் போய், பொங்கல் இல்லாத வீட்டில், அவருக்கு வைத்த அளவைக் குறைத்துச் சோறு வடித்தவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அனுமானம் கற்றுவந்த பிள்ளைக்கு அது ஏதுவாகத் தோன்றவில்லை. கேட்டிருக்கலாம். அடுத்த ஆடியில் ஆச்சியும் போய்விட்டாள்.

இப்போது அதே பாடத்தை அவளே நடத்துகிறாள். அடுக்களை என்ற உதாரணம் எடுபடுவதில்லை. "கிச்சன்ல எங்க மேடம் புகை?" என்று போன வருடம் ஒரு பையன் நிஜமாகவே கேட்டான். விறகடுப்பையும் ஊதுகுழலையும் தண்ணீர் பட்ட கொள்ளியையும் விவரித்துச் சொன்னாள். துடைத்ததைச் சொல்லவில்லை.

ராத்திரி படுத்தபின் அந்த அடுப்பாங்கரையைத் திரும்பக் கட்டிப் பார்க்கிறாள். பின்கதவு திறந்திருந்ததா? திறந்திருந்தால் காற்று உள்ளே வந்து புகையை முற்றத்துப் பக்கம் தள்ளியிருக்கும், ஆச்சி முகத்துக்கு வந்திருக்காது. சில நாள் கதவு திறந்தே இருந்ததாக நினைவு வருகிறது. சில நாள் தாழ்ப்பாள் கூடக் கண்ணுக்குத் தெரிகிறது.