ஞாயிறுதோறும் வரும் கடிதம்



இன்று டிசம்பர் 3, நம் புனித சவேரியாரின் திருநாள். அவரிடம் போகுமுன், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவருடைய மூத்த மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஞாயிறுதோறும் ஒரு தாளில் பேனாவால் எழுதி, படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறான். போனில் வாசிக்க அம்மாவுக்குக் கண் தெரியாது. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து வாங்கி, பைபிளுக்குள் மடித்து வைத்துக்கொள்கிறார். போன வாரம் வீடு சந்திக்கப் போனபோது ஒன்றைக் காட்டினார். காலில் பட்ட காயம் ஆறிவிட்டது, நேற்று நான்தான் மீன்குழம்பு வைத்தேன், புளி கூடிப்போய்விட்டது, கடல் அமைதியாக இருக்கிறது. அவ்வளவுதான் கடிதம்.

"பெருசா ஒண்ணும் இருக்காது சாமி. ஆனா ஒரு வாரம்கூட விட்டது கிடையாது" என்றார். சொல்லும்போதே அந்தத் தாளின் மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார்.

புளி கூடிய குழம்புக்குள் அவர் எவ்வளவோ வாசித்துவிடுகிறார். நின்று சமைத்திருக்கிறான், அப்படியானால் கால் தேறிவிட்டது. குழம்பைக் குறை சொல்கிறான், அப்படியானால் வாய்க்கு ருசி தெரிகிறது, காய்ச்சல் இல்லை. பெற்றவளுக்கு மட்டுமே தெரிந்த வாசிப்பு இது.

தோபித்து நூலில் வருகிற அன்னாவை நினைத்துப் பாருங்கள். மகன் தோபியா மேதியாவுக்குப் போயிருக்கிறான். அங்கே அவனுக்குத் திருமணமாகி, 14 நாள் விருந்து நடக்கிறது. நினிவேயில் பெற்றோருக்கு அது தெரியாது. பார்வையிழந்த தோபித்து நாள்களை எண்ணுகிறார். மகன் இறந்துவிட்டான் என்றே அன்னா நம்பிவிடுகிறாள். பகலெல்லாம் அவன் போன வழியைப் பார்த்திருக்கிறாள், இரவெல்லாம் அழுகிறாள். தகவல் சொல்ல ஆள் இல்லாததால், மகனுடைய கலியாண நாள்கள் தாய்க்குத் துக்க நாள்களாகப் போயின.

சவேரியாருக்கு இந்த வேதனை தெரியும். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், உரோமையில் இருந்த தம் சபைத் தலைவர் இஞ்ஞாசியாரைத் தந்தை என்றே அழைத்தார். அவருக்கு எழுதும்போது முழந்தாளிட்டு எழுதியிருக்கிறார். இங்கே திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோனதையும், செபங்களைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டதையும் 1544இல் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதினார். லிஸ்பனிலிருந்து கோவாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கப்பல் தொகுதி வரும். ஒரு கடிதத்துக்குப் பதில் கிடைக்க இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். ஐரோப்பாவிலிருந்து தோழர்கள் எழுதிய கடிதங்களில் அவர்களுடைய கையெழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துத் தம் உடலோடு வைத்துக்கொண்டார். ஓரங்குல மை, அவருக்கு அத்தனை பெரிய துணை.

மகனை நேரில் பார்க்கத் தந்தைக்கும் ஆசை வந்தது. ஐரோப்பாவுக்குத் திரும்பி வரச் சொல்லி, 1553 ஜூன் 28ஆம் நாள் இஞ்ஞாசியார் எழுதினார். சவேரியாரோ அதற்கு ஏறக்குறைய ஏழு மாதங்களுக்கு முன்பே, 1552 டிசம்பர் 3 அன்று, சீனக் கரையோரத் தீவொன்றில் கண்மூடிவிட்டார். அது தெரியாமல்தான் தந்தை எழுதிக்கொண்டிருந்தார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அதற்குக் காரணம் உண்டு. என் அப்பா கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார். குருமடத்திலிருந்து மாதம் தவறாமல் நான் போட்ட இன்லேண்டு கடிதங்கள் நீலமாக அதில் ஏறிக்கொண்டே போயின. குருவான பிறகு வேலை, வேலை என்று எழுதுவதை விட்டேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்று அந்தக் கம்பியைப் பார்த்தேன். மேலே இருந்த கடைசிக் கடிதம் ஒன்பது வருடம் பழையது. ஓரங்கள் எல்லாம் விரல்பட்டுத் தேய்ந்திருந்தன.

கடலில் இருக்கிற பிள்ளைகளே, வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளே, இந்தத் திருப்பலியை நேரலையில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சாப்பிட்டதை எழுதுங்கள். தூங்கினதை எழுதுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத வாரத்திலும் எழுதுங்கள்.

அந்த அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். இந்த ஞாயிறு வந்த கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் அதுவும் பீடத்துக்கு வரும். வாருங்கள் அம்மா.